லிடியாவின் காயம்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்து மூன்று தடவை படித்துவிட்டேன். "அந்த நீதிபதி மனசு வலிக்குதுன்னு எழுதிட்டுத்தானப்பா அப்படித் தீர்ப்பு சொல்லியிருக்கார்" என்று போனில் சொன்னாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. 31 வருஷம் கோர்ட்டில் நீதிபதிகள் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடித்தவன் நான். வாயில் வராதது எழுதினால் வரும்.

அந்த வழக்கின் சம்பவம் 1829-இல் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் சோவான் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நடந்தது. எலிசபெத் ஜோன்ஸ் என்பவருக்குச் சொந்தமான லிடியா என்ற அடிமைப் பெண்ணை ஜான் மான் என்பவன் ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுக்கிறான். ஏதோ சின்னத் தவறு என்று அடிக்கப் போகிறான். அவள் திமிறிக்கொண்டு ஓடுகிறாள். நில் என்கிறான், நிற்கவில்லை. சுட்டுவிட்டான். காயத்தோடு உயிர் பிழைத்தாள்.

அவனை ஜூரி குற்றவாளி என்றது, கவனித்தாயா? ஜூரியில் இருந்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். அடிமை முறை நடந்த ஊரில் வாழ்ந்த அவர்களுக்கே அது அநியாயமாகப் பட்டிருக்கிறது. அப்பீலில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் ரஃபின், நீ சொன்ன அதே நீதிபதி, அதைத் தள்ளினார். வாடகைக்கு எடுத்தவனுக்கும் சொந்தக்காரனுக்குள்ள அதிகாரம் அத்தனையும் உண்டு, அடிமையின் பணிவு முழுமையாக இருக்க வேண்டுமென்றால் எஜமானின் அதிகாரத்துக்கு எல்லை இருக்கக் கூடாது என்றார்.

அப்பா பிள்ளையைக் கண்டிப்பது போலத்தானே இது, அதற்கு ஒரு அளவு வேண்டாமா என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதிலில்தான் நான் நின்றுவிட்டேன். இரண்டும் ஒன்றில்லையாம். பிள்ளையைக் கண்டிப்பது பிள்ளையின் நன்மைக்கு. அடிமை முறை எஜமானின் லாபத்துக்கு. அடிமை தானும் தன் சந்ததியும் அறிவில்லாமல், எதையும் தனதென்று சொல்ல முடியாமல், வேறொருவன் அறுவடை செய்வதற்காக உழைக்க வேண்டியவன். இதை எழுதியது அடிமை முறையை எதிர்த்தவர் இல்லை கயல், ரஃபினேதான். சொந்தமாக அடிமைகளை வைத்திருந்தவர். அந்தக் காலம் அப்படி, தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்ல அவரே இடம் வைக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வருத்தத்தால் லிடியாவுக்கு என்ன கிடைத்தது?

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், பத்து வருஷம் கழித்து 1839-இல் மீரா என்ற அடிமைப் பெண்ணைச் சித்திரவதை செய்தே கொன்ற ஜான் ஹூவருக்கு விதித்த மரண தண்டனையை உறுதி செய்தவரும் இதே ரஃபின்தான். ஆக, உயிர் போனால் கோர்ட் திரும்பிப் பார்க்கும். உயிரோடு குண்டடி பட்டவளுக்குக் கதவு கிடையாது.

நீ கேட்ட இன்னொரு வழக்கு, மிசௌரி மாநிலத்தில் சீலியா என்ற அடிமைப் பெண்ணுடையது. சுமார் 14 வயதில் அவளை ராபர்ட் நியூசம் விலைக்கு வாங்கினான். ஐந்து வருஷம் பலாத்காரம். 1855 ஜூனில் ஒரு ராத்திரி அவன் அவள் குடிசைக்கு வந்தபோது தடியால் அடித்தாள், செத்துப்போனான். "எந்தப் பெண்ணையும்" பலவந்தப்படுத்தக் கூடாது என்று அந்த மாநிலச் சட்டத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை இவளுக்கும் உண்டு என்று ஜூரிக்கு எடுத்துச் சொல்லுங்கள் என அவளுடைய வக்கீல்கள் கேட்டார்கள். நீதிபதி மறுத்துவிட்டார். "எந்த" என்ற ஒரு சொல்லுக்குள் அவளைச் சேர்த்திருந்தால் போதும். ஒரு சொல் விட்டுப்போனால் ஒரு ஆளின் தலையெழுத்தே மாறும் என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் சொல்லுவேன். இங்கே சொல் இருந்தும் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அந்த டிசம்பர் 21-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். உன்னைவிடச் சின்னவள்.

மறுபடி லிடியாவிடம் வருகிறேன். அடிதடி வழக்கு என்றால் டாக்டரின் காயச் சான்றிதழ் வழக்குக் கட்டுக்குள் இருக்கும். இடது முழங்கைக்குக் கீழே கிழிந்த காயம், நீளம் மூன்று சென்டிமீட்டர், அகலம் அரை, ஆழம் தசை வரை. எத்தனை ஆயிரம் அடித்திருப்பேன்! சலிப்பான வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பழக்கத்தில் இந்தத் தீர்ப்பிலும் காயத்தைத் தேடினேன். சுட்டான், காயப்பட்டாள் என்பதோடு சரி. எங்கே பட்டது, எத்தனை நாள் கிடந்தாள், யார் கட்டுப் போட்டார்கள், ஒரு வரி இல்லை. நீதிபதியின் மனவேதனைக்குப் பத்தி பத்தியாக இடம் இருக்கிறது.

உன் கட்டுரையை அந்த வேதனையில் ஆரம்பித்திருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை எடுத்துவிட்டு, அவள் ஓடியதிலிருந்து ஆரம்பித்துப் பாரேன். 1767-இல் கட்டிய சோவான் கவுண்டி கோர்ட் கட்டடம் எடன்டனில் இன்னும் நிற்கிறதாமே. லீவில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு எழுது, அதுவரை கட்டுரையைக் கொடுத்துவிடாதே. திருத்தியதும் எனக்கு அனுப்பு, எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா