கீழ்க்காட்டைப் புல்லுக்கு விட்டுவிட்டேன்

அண்ணா,

அப்பாவுக்கு வருஷத் திதி முடிந்தது. நீ வரவில்லை. அதை இங்கே எழுத மாட்டேன், ஊர்க்காரர்களும் படிப்பார்கள். சொல்ல வந்தது வேறு. ஓடையோரத்துக் கீழ்க்காட்டில் இனி உருளைக்கிழங்கு இல்லை. புல்லுக்கு விட்டுவிட்டேன், மாட்டுக்கு ஆகட்டும்.

ஊட்டிப் பக்கத்து நம் முத்தொரை பாலாடாவில் குளிர் இறங்கிவிட்டது. சீகை விறகு அடுக்கியாயிற்று, கொட்டகைக்குப் படுதா கட்டியாயிற்று. காற்று நின்று, வானம் நிறைய நட்சத்திரம் தெரிந்தால் இன்னமும் எனக்குப் பயம்தான். குளிர் சரிவில் இறங்கி ஓடையோரத்தில் தேங்கும். மேல்காட்டுக் கேரட் தப்பும், கீழே எல்லாம் உறைபனி விழுந்து வெள்ளை.

நான் பத்தாவது படித்த அந்த மார்கழி. நீ லோடு இறக்கிவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து நடுராத்திரிக்குத்தான் வந்தாய். "4 மணிக்கு எழுப்பு, மோட்டார் போடணும்" என்றாய். சரி என்றேன். தூங்கிவிட்டேன்.

வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவியிருந்தால் இலை பிழைத்திருக்கும். நாம் போனபோது ஒவ்வொரு இலை ஓரத்திலும் உப்பு ஒட்டியது போலப் பனி. தொட்டால் நொறுங்கியது. பத்து மணிக்கு எல்லாம் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. அப்பா ஒரு செடியைப் பிடுங்கினார். கிழங்கு கோலிக்குண்டு அளவுதான். அதை உன் காலடியில் எறிந்தார். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய், அவ்வளவுதான். பொங்கல் கழிந்து திருப்பூர் போய்விட்டாய்.

மன்னித்துக்கொள் அண்ணா. அரையாண்டுப் பரீட்சை, 15 வயசு, கம்பளிக்குள் இருந்த சூடு. இதெல்லாம் காரணமா என்று தெரியவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது. நீயாவது வாய் திறந்திருக்கலாமே? பேசாமல் போய் என்னை 17 வருஷம் கடன்காரியாக வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எல்லா 4 மணியும் எனக்குத்தான். விரல் விறைக்க மோட்டார் போட்டது நான், அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தது நான்.

கடைசி வாரம் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "பெரியவன் எழுந்தானா?" எழுந்துவிட்டான், மோட்டார் போட்டுவிட்டான் என்றேன். அந்த ராத்திரியைப் பற்றி அவரிடமும் கடைசிவரை சொல்லவில்லை.

பணக் கணக்கு போனில் பேசலாம். கேரட் பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. விடியுமுன் எடுத்துக் கழுவி லாரி ஏற்ற வேண்டும். தை பிறப்பதற்குள் வா. நான் எழுப்புகிறேன்.