காக்கையின் கழுத்துக்கு ஒரு கறுப்பு

பெசன்ட் நகர்,
சென்னை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி குறைந்ததா? பேத்திக்குக் காது குத்தியதைப் படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நான் பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம் ஒரு காக்கை.

சமையலறை சன்னலுக்குத் தினமும் சோற்றுக்கு வருகிற காக்கைதான். அதைப் பீங்கான் தட்டில் தீட்ட வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை. உடம்பு கறுப்பு, கழுத்து சாம்பல். கறுப்பைக் கெட்டியாக வைத்தால் உடம்பு, நீர்க்க இழுத்தால் கழுத்து என்று நினைத்துவிட்டேன். வழக்கமான பீங்கான் கறுப்பு கோபால்ட், இரும்பு, மாங்கனீஸ், குரோமியம் போன்றவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து செய்வது. கெட்டியாக இருக்கும்வரை கறுப்புதான். மெல்லிசாகப் பூசினால் உள்ளே இருக்கிற நிறம் எட்டிப் பார்க்கும். சூளையைத் திறந்தால் கழுத்து நீலம். அடுத்த தடவை பழுப்பு. நாலு தட்டு வீணானது.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் உங்கள் ஊர்ப் பக்கத்து ஆதிச்சநல்லூர் பானைகளைப் பார்த்தேன். என்ன கறுப்பு! ஆனால் அது புகையும் கரியும் ஏற்றிய கறுப்பு. காற்று புகுகிற என் மின்சூளையில் கரி எரிந்து காணாமல் போய்விடும்.

அப்புறம்தான் இரிடியம் கறுப்பு, அதாவது இரிடியம் என்ற அரிய உலோகத்தின் ஆக்சைடுத் தூள், கைக்கு வந்தது. பழைய மாணவி ஒருத்தி ஊருக்கு வந்தபோது ஒரே ஒரு கிராம் கொண்டுவந்து கொடுத்தாள். மடித்த காகிதத்தில் புளியங்கொட்டை அளவுகூட இல்லை. விலையில் தங்கத்தோடு போட்டி போடுகிற பொருள். பிளாட்டினம் எடுக்கும்போது கூடவே கிடைப்பது, பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் வருஷத்துக்கு 10 டன் தேறாது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் பொட்டலத்தைப் பிரித்தேன்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பீங்கான் ஓவியர்கள் கொண்டாடிய கறுப்பு இது. ஒரே உலோகத்தின் ஆக்சைடு, அதனால் எட்டிப் பார்க்க உள்ளே வேறு நிறம் இல்லை. கோபால்ட் உருகும் கண்ணாடியில் கரைந்து நீலம் காட்டும். இது கரையாமல் தூளாகவே நின்றுவிடுகிறது. சுமார் 800 டிகிரியில் சுடுகிற என் வேலைக்கு அசையாது. 1,100 டிகிரியை நெருங்கினால்தான் ஆக்சிஜனை விட்டுவிட்டு உலோகமாகத் திரும்பப் பார்க்கும்.

உருகு கண்ணாடித் தூளையும் இதையும் கண்ணாடிப் பலகையில் டர்பன்டைன் விட்டு அரை மணி நேரம் அரைத்தேன். கத்தி முனையில் ஒட்டியதைக்கூட வழித்து எடுத்தேன். ஒரு பொட்டு வைத்துத் தூரிகையால் இழுக்க இழுக்க, கோட்டின் கடைசி நுனிவரை சாம்பல். மறுநாள் காலை சூளை ஆறியதும் திறந்தேன். கழுத்து அப்படியே சாம்பல், நீலமும் இல்லை, பழுப்பும் இல்லை. கறுப்பின் தரத்தை அதன் சாம்பலில்தான் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது.

1803இல் ஸ்மித்சன் டென்னன்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இரிடியத்தைக் கண்டுபிடித்ததும் ஒரு கறுப்பிலிருந்துதான். கச்சாப் பிளாட்டினத்தை இராஜ திராவகம் என்ற அமிலக் கலவையில் கரைத்தபோது அடியில் தங்கிய கறுப்புத் தூளைக் கிராஃபைட் என்று சிலர் ஒதுக்கினார்கள். அவர் விடவில்லை. இரிடியத்தின் உப்புகள் பல வண்ணம் காட்டியதால் கிரேக்க வானவில் தேவதை ஐரிஸின் பெயரை வைத்தார். வானவில் பெயர் கொண்ட உலோகம் இவ்வளவு சுத்தமான கறுப்பைத் தருவதை நினைக்க நினைக்க எனக்கு மனசு நிறைகிறது.

இன்னொன்று. காஸ்டிக் சோடா ஆலையில் முப்பது வருஷம் இருந்தாயே, உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் எடுக்கிற டைட்டானியம் ஆனோடுகளின் மேல் கறுப்பாக ஒரு பூச்சு இருக்குமே? ருத்தீனியம் ஆக்சைடோடு இரிடியம் ஆக்சைடையும் அதில் சேர்ப்பார்கள். நான் ஒரு கிராமுக்கு ஏங்கிய பொருளை நீ தினமும் பார்த்திருப்பாய் போலிருக்கிறது! உங்கள் ஆலையில் எந்தப் பூச்சு, எத்தனை வருஷம் தாங்கியது என்று எழுது.

தட்டு உனக்குத்தான். கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை. மார்கழிக் கச்சேரிக்கு வரும்போது கையோடு எடுத்துக்கொண்டு போ. மிச்சம் அரை கிராம் இருக்கிறது. அதில் உன் பேத்திக்கு என்ன தீட்டட்டும் என்று அவளையே கேட்டுச் சொல்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழன்