தண்ணீரின் அருமை எங்களுக்குத் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் பெங்களூரின் குடிநீர்ப் பற்றாக்குறை குறித்து வந்த கட்டுரையில், 'புறநகர் மக்கள் தண்ணீரின் அருமையை உணரவில்லை' என்று ஒரு வரி இருந்தது. நெடுநாள் வாசகியான எனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

நாங்கள் பெங்களூர்ப் புறநகரான ஹொரமாவு பக்கம் குடியிருக்கிறோம். 2007இல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களில் இதுவும் ஒன்று என்பது தாங்கள் அறியாததல்ல. அன்று முதல் வரி மாநகராட்சிக்குக் கட்டுகிறோம். தண்ணீருக்கோ போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியே காலம் தள்ளினோம். அரிசி களைந்த நீர் செடிக்கு, துணி அலசிய நீர் கழிப்பறைக்கு என்றுதான் என் பிள்ளைகளை வளர்த்தேன். எங்களுக்கா அருமை தெரியாது?

2023இல் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் எங்கள் தெரு போர்வெல்லில் காற்றுதான் வந்தது. 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் டேங்கருக்கு 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை வைத்தது. அந்த விலைக்கு எங்கள் தெருவுக்குள் ஒரு வண்டியும் நுழையவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் கேட்ட பணத்தைக் கொடுத்துத்தான் வாங்கினார்கள்.

சம்பங்கி ஏரியை விளையாட்டரங்கமாகவும் தர்மாம்புதி ஏரியை மெஜஸ்டிக் பஸ் நிலையமாகவும் மாற்றியது யார் ஐயா? ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் இது. இப்போதெல்லாம் மழை பெய்தால் ஒரே மாலையில் கொட்டித் தீர்க்கிறது. இல்லையேல் மாதக்கணக்கில் காணோம். கொட்டுகிற நீர் இறங்க மண்ணை எங்கே விட்டுவைத்தோம்? மழைநீர் சேகரிப்பு 2009 முதல் சட்டம். எங்கள் எதிரே எழும்பியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடிக் குழாய் இன்றும் நேராகச் சாக்கடையில்தான் இறங்குகிறது.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். ஜீவநதி இல்லாத மாவட்டம்; ஆயிரம் அடிக்குக் கீழே தோண்டி எடுத்தாலும் பல ஊர்களில் ஃபுளோரைடு கலந்த நீர். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை மட்டும் சுத்திகரித்து அம்மாவட்டத்தின் ஏரிகளில் விடுகிறார்கள். எஞ்சிய கிருமிகளையும் மாசுகளையும் நீக்கும் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் வேண்டும் என்று அங்குள்ளவர்கள் கேட்டு வருவதைத் தங்கள் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

இந்த 110 கிராமங்களுக்காகவே நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் மேடேற்றிக் கொண்டுவரும் நீர். எங்கள் தெருக் குழாயில் அது எந்த நாள், எந்த நேரம் வரும் என்பது யாருக்கும் தெரியவில்லை. குடிநீர் வாரியத்தில் கேட்கப் போனால் நாளை வரச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் நள்ளிரவில் குழாயடியில் விழித்திருக்கிறார்கள்.

தங்களிடம் ஒன்றே கேட்கிறேன். மின்தடை அறிவிப்பு வெளியிடுகிறீர்கள் அல்லவா, அதன் பக்கத்திலேயே வாரந்தோறும் எந்தப் பகுதிக்கு எந்த நேரத்தில் தண்ணீர் விடுவார்கள் என்று கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹொரமாவு, பெங்களூரு