வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25 (குடியாத்தம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நேரில் வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இவ்வறிக்கையின் படி வழக்கம்போல் அஞ்சலில் அனுப்பப்படும். அந்தச் செலவு ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவதைப் பொருளாளர் என்னிடம் இருமுறை சுட்டிக்காட்டியுள்ளார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள காலத்தில் உலகப் புத்தக நாளும், நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் அவர்களின் பிறந்த நாளான ஆகஸ்ட் 12 அன்று நூலகர் நாளும், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழாவும் சிறப்பாக நடைபெற்றன. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை முன்னிட்டு மே மாதக் கூட்டம் ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்த நாளிலும் தலைவரும் நானும் மட்டுமே இருந்ததால் கூட்டம் நடைபெறவில்லை. மாவட்டம் 1989இலும் 2019இலும் பிரிக்கப்பட்டும், நம் வாசகர் வட்டத்தின் முத்திரையில் இன்னும் ‘வடஆர்க்காடு’ என்ற பழைய பெயரே இருக்கிறது. புதிய முத்திரை செய்யத் தீர்மானம் நிறைவேறி நெடுநாள் ஆகிறது. அதற்கான தொகை மட்டும் இன்னும் ஒதுக்கப்படவில்லை.

இனி, இவ்வாண்டின் முதன்மையான பணிக்கு வருகிறேன். 13 முதல் 18 வயது வரையுள்ள மாணவ மாணவியருக்காக நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கி, அதற்கு ஏற்ற புதிய கதைநூல்களையும் ஒலிநூல்களையும் பரிந்துரைத்துப் பட்டியல் தயாரிப்பது என்று ஜூன் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஒருமனதாக என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். பின்னர் சிலர், அப்படியொரு தீர்மானம் தங்களுக்குத் தெரியாது என்று கூறினர். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் அவர்களுடைய கையொப்பம் உள்ளது.

இப்பணி ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்குவது என் கடமை. நம் நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது; அங்கே படக்கதைகளும் நீதிக்கதைகளும் இருக்கின்றன. மறுபக்கம் நீண்ட மேசைகளில் காலை முதல் மாலை வரை குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் அமர்ந்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டிய ஒரு பிள்ளை சிறுவர் பகுதியின் குட்டை நாற்காலியில் உட்காரக் கூச்சப்படுகிறது. நீண்ட மேசையில் உட்கார்ந்தால் இடத்தை அடைத்துக்கொண்டதாகப் பெரியவர்கள் முறைக்கிறார்கள். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அலமாரியின் எதிரே போய் நின்று பார்த்தால், அந்த வயதுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கதைப் புத்தகத்துக்குச் செலவிடுவதைவிடப் போட்டித் தேர்வுக் கையேடுகள் வாங்கலாமே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தார். கையேடு வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் சொத்துவரியோடு சேர்த்து நாம் அனைவரும் நூலக வரி செலுத்துகிறோம். அதில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரும் அடக்கம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று ரங்கநாதன் 1931இலேயே தம் ஐந்து விதிகளில் இரண்டை இதற்காகவே ஒதுக்கியிருக்கிறார். ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, மறுநாள் அவ்விதிகளை மறந்துவிடுவது முறையாகாது என்பதே என் பணிவான கருத்து.

பட்டியலைத் தயாரித்த முறையையும் சொல்லிவிடுகிறேன். எந்த நூலையும் அட்டையைப் பார்த்தோ, பதிப்பகத்தின் விலைப்பட்டியலைப் பார்த்தோ சேர்ப்பதில்லை என்பது முதல் விதி. ஒவ்வொரு நூலையும் உறுப்பினர் இருவரும் மாணவர் ஒருவரும் படித்துக் கருத்துச்சீட்டு எழுதித் தர வேண்டும் என்பது இரண்டாம் விதி. இதற்காக ஜனவரியில் காட்பாடியில் ரயிலேறி, நந்தனத்தில் நடந்த சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சென்று, பத்து விழுக்காடு கழிவில் நூல்களை வாங்கி வந்தேன். பயணச் செலவை வட்டத்தின் கணக்கில் எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதுகுறித்து வெளியில் பேச்சு எழுந்தது.

நூல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்ற உறுப்பினர்கள் பதினான்கு பேர். கருத்துச்சீட்டு எழுதித் தந்தவர்கள் ஐந்து பேர். ஒருவர் ‘நன்றாக இருக்கிறது, சேர்க்கலாம்’ என்று எழுதித் திருப்பித் தந்த நூலை நான் பிரித்துப் பார்த்தபோது, கடைக்காரர் முன்னட்டைக்குள் செருகித் தந்த ரசீது மடிப்புக் கலையாமல் அதே இடத்தில் இருந்தது. 48ஆம் பக்கத்துக்கும் 49ஆம் பக்கத்துக்கும் இடையே அச்சகத்தில் வெட்டப்படாமல் ஒட்டியிருந்த ஓரம் அப்படியே ஒட்டியிருந்தது. இன்னொருவரிடம் சென்ற நூல் இதுவரை திரும்பவில்லை. தொலைபேசியில் அழைத்தால் மணி அடித்து ஓய்கிறது. பெயர்களைக் குறிப்பிடுவது நாகரிகமன்று என்பதால் தவிர்க்கிறேன்.

மாணவர்கள் அப்படியல்லர். கொடுத்ததைப் படித்தார்கள், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதினார்கள். அவர்களுடைய சீட்டுகளில் மிகுதியாக வந்த குறை ‘அறிவுரை அதிகம்’ என்பதுதான். நம் எழுத்தாளர்கள் பலர் இந்த வயதினருக்கு எழுதும்போது, கதையை நன்றாகவே நடத்திச் சென்று, கடைசி அத்தியாயத்தில் ஒரு தாத்தாவையோ தலைமை ஆசிரியரையோ வரவழைத்துப் பேசவிட்டுவிடுகிறார்கள். சிக்கலைத் தீர்ப்பது பெரியவர்கள்தாம் என்றால் அந்தக் கதையில் எனக்கு என்ன வேலை என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கேள்வியையே நான் பிறகு ஒரு தேர்வுவிதியாக வைத்துக்கொண்டேன். இன்னொரு மாணவியின் சீட்டில் இரண்டே வரிகள்: ‘முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இன்னொரு தடவை படித்தேன்.’ அந்த நூல் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

பட்டியலில் உள்ள எல்லா நூல்களையும் இங்கே படிப்பதற்கு நேரமில்லை. விவாதத்துக்கு உள்ளானவற்றை மட்டும் கூறுகிறேன். 2023இல் சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்துக்கு வழங்கும் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் கதைக்குள் கொண்டுவருவதால், வரலாற்றுப் பாடத்தோடு தொடர்புபடுத்தி மாணவர்களே ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் படித்தனர். 2020இல் அதே பரிசு பெற்ற யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பற்றி, பாலியல் சீண்டலைப் பேசும் நூலைப் பெண்பிள்ளைகள் கைக்கெட்டும்படி வைக்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. 2012இலேயே, பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் வந்து, பள்ளிகளில் அதைப்பற்றி விழிப்புணர்வு வகுப்பு எடுக்கும் நாளில், நூலகம் மட்டும் கண்ணை மூடிக்கொள்வதில் பொருளில்லை என்று நான் பதில் அளித்தேன். ஆண்பிள்ளைகள் கைக்கும் அது எட்ட வேண்டும் என்று நம் மகளிர் உறுப்பினர் கூறியதே சரியான பதில் என்று இப்போது தோன்றுகிறது. விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்கு 2025ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் கிடைத்திருப்பதாகக் கடந்த ஜூனில் செய்தி வந்தது. அறிக்கை ஆண்டுக்குப் பிந்தையதாயினும், மார்ச் மாதமே முடிவான நம் பட்டியலில் அந்நூல் இடம்பெற்றிருந்தது என்பதை அவையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

புதிய நூல்களின் பட்டியலில் மு.வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கும் விளக்கம் தர வேண்டும். 1961ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்நாவல், வாலாசாப்பேட்டையில் பள்ளிக்கூட நாள்களில் தொடங்கும் இரு நண்பர்களின் கதை. நம் பழைய மாவட்டத்து மண்ணிலேயே பிறந்த ஒருவர், பேருந்தில் போனால் எட்டிவிடும் ஓர் ஊரை வைத்து, இந்த வயதுப் பையன்களைப் பற்றியே எழுதியிருக்கும்போது, அதை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மாணவர் சீட்டில் இதற்கும் ‘அறிவுரை அதிகம்’ என்றே வந்தது. அதை நான் ஏற்கவில்லை; செயலாளர் என்ற முறையில் எனக்குள்ள ஒரே சலுகையை இதில் பயன்படுத்திக்கொண்டேன்.

ஒலிநூல்கள் குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதில்தான் அதிக ஏளனத்தைச் சந்தித்தேன். காதால் கேட்பது படிப்பாகுமா என்று கேட்டவர்கள், கதாகாலட்சேபமும் தெருக்கூத்தும் கேட்டு வளர்ந்த ஊரில் இருந்துகொண்டே அதைக் கேட்டனர். அமெரிக்காவில் நூலகச் சங்கமே சிறுவர்க்கும் இளையோர்க்குமான சிறந்த ஒலிநூலுக்கு 2008 முதல் ‘ஒடிஸி’ என்ற பெயரில் தனிப் பரிசு வழங்கி வருகிறது. இளையோர் நூல்களுக்கான ‘பிரின்ட்ஸ்’ பரிசு அதற்கும் முன்பே, 2000இல் தொடங்கிவிட்டது. அங்கே நூலகர்கள் கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே நாம் கேட்பதற்கு முன்பே தள்ளிவிடுகிறோம்.

கேட்டுப் பார்த்ததில் சில தெளிவுகள் கிடைத்தன. தமிழ் ஒலிநூல்களில் வாசிப்பவர் பலர் வானொலிச் செய்தி போல ஒரே தாளத்தில் வாசித்துச் செல்கிறார்கள். சிலர் எல்லாப் பாத்திரத்துக்கும் குரலை மாற்றி நடித்துக் கதையைக் கெடுக்கிறார்கள். லகர, ளகர, ழகரம் ஒழுங்காக ஒலிக்கிறதா, பின்னணி இசை சொல்லை விழுங்குகிறதா, நூல் முழுவதும் இருக்கிறதா அல்லது சுருக்கமா என்பவற்றைப் பார்த்தோம். இருநூறு பக்க நாவலை நிதானமாக வாசித்தால் ஆறேழு மணி நேரம் ஓடும். பேரணாம்பட்டிலிருந்து பேருந்தில் வரும் மாணவர் அதைத் துண்டு துண்டாகத்தான் கேட்க முடியும் என்பதால், அத்தியாயவாரியாகப் பிரித்திருப்பவற்றுக்கே முன்னுரிமை தந்தோம்.

கைப்பேசிச் செயலிகளின் சந்தா தனிநபர் பயன்பாட்டுக்கானது. ஒரு சந்தாவை எடுத்து ஊருக்கெல்லாம் கேட்க வைக்கலாம் என்று ஓர் உறுப்பினர் கூறிய யோசனை சட்டப்படி செல்லாது. எனவே, பதிப்புரிமைத் தடையில்லாத, நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களிலிருந்து சிறுகதைகளை நாமே வாசித்துப் பதிவு செய்தோம். 2002இல் நாட்டுடைமையான புதுமைப்பித்தன் படைப்புகளில் இருந்து மூன்று கதைகளை ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் வாசித்தார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கொளுத்தும் வெயிலில் சன்னலையும் சாத்திக்கொண்டு வாசித்த அவருடைய பொறுமைக்கு நன்றி. பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 2016இல் தொடங்கப்பட்ட ‘சுகம்ய புஸ்தகாலயா’ இணைய நூலகத்தில் பதிவு செய்துகொள்ள வழி உண்டு என்ற தகவலையும் பள்ளிகளுக்கு எழுதி அனுப்பினோம்.

இதன் பயனை ஒன்றைச் சொல்லியே நிறுவிவிடலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர், விசைத்தறி வேலைக்கும் போய்வருபவர், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புத்தகத்தில் விரலை வரிவரியாக நகர்த்தியபடி கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று விரலை ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். “சார், இங்க ஒரு வரி உட்டுட்டாங்க” என்றார். ஆசிரியை அந்த வரியை விட்டிருந்தது உண்மை. பதிவைக் கேட்ட உறுப்பினர்கள் எவரும், நான் உட்பட, அதைக் கவனித்ததில்லை.

வரவு செலவு பொதுவாகத் திருப்திகரமாகவே உள்ளது. வரவைவிடச் செலவு சற்றுக் கூடியதை முந்தைய ஆண்டின் இருப்பிலிருந்து சரிசெய்துள்ளோம். விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் பேரேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுச் சந்தா ரூ.240, அதாவது மாதம் 20 ரூபாய். ஒரு தேநீரோடு முடிந்துவிடும் இத்தொகையைக் கேட்டு நினைவூட்டுக் கடிதம் அனுப்புவதற்கு ஆகும் செலவு, சில உறுப்பினர்களைப் பொறுத்தவரை, வரவேண்டிய தொகையை நெருங்கிவிட்டது. பெயர்ப் பட்டியலில் பாதிப் பேருக்கு மேல் நிலுவை இருக்கிறது. இரண்டாண்டு நிலுவை உள்ளவர்களுக்குப் பொதுக்குழுவில் வாக்களிக்கும் உரிமையில்லை என்று நம் விதிகளில் இருந்தும், அதை இதுவரை நடைமுறைப்படுத்தாதது தலைவரின் பெருந்தன்மையால்தான்.

இடம் தந்து உதவிய நூலகர் அவர்களுக்கும், அலமாரியின் பழைய தாழ்ப்பாளை மாற்றித் தந்த நூலக உதவியாளருக்கும், பட்டியலைக் கட்டணமின்றித் தட்டச்சு செய்து தந்த கல்லூரி மாணவிக்கும், செயற்குழுவினருக்கும், தணிக்கையாளருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு குறித்து ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். மாநில அளவில் தேர்வாகி வரும் நூல்கள் நம் கையில் இல்லை. கிளை நூலகத்துக்கு நாம் தருவது பரிந்துரை மட்டுமே. ஆகையால் பட்டியலில் உள்ளவை அலமாரிக்கு வர வேண்டுமானால், ஆளுக்கு ஒரு நூல் அன்பளிப்பாக வாங்கித் தருவதோ, ரூ.1,000 செலுத்தி நூலகப் புரவலராவதோதான் வழி. பட்டியலின் படிகள் வாயிலருகே மேசையில் உள்ளன. எந்த நூலை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எதிரில் பெயரை எழுதிவிட்டால், இருவர் ஒரே நூலை வாங்காமல் தவிர்க்கலாம். முதல் நான்கு வரிகளில் இப்போதைக்குத் தலைவர் பெயரும் என் பெயரும் மாறி மாறி இருப்பது உங்கள் கண்ணில் படும்.

செயலாளர் பொறுப்பை மேலும் ஓராண்டு ஏற்க வேண்டும் என்று சிலர் அன்புடன் கேட்டுள்ளனர். உடல்நிலையும் வீட்டுச் சூழ்நிலையும் இடம் கொடுத்தால் பார்க்கலாம் என்றே கூறியிருக்கிறேன். கருத்துச்சீட்டு எழுத உண்மையாகவே படிக்கும் உறுப்பினர்கள் பத்துப் பேர் இன்று கூட்டம் கலைவதற்குள் பெயர் கொடுத்தால், என் உடல்நிலை இடம் கொடுக்கும் என்று நம்புகிறேன்.

இவ்வறிக்கையையும் இணைப்பிலுள்ள வரவு செலவுக் கணக்கையும் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன். சந்தா செலுத்துவோருக்குப் பொருளாளர் இங்கேயே ரசீது தருவார், சில்லறை இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்