பரணில் இருந்த தகரப் பெட்டிகளுக்கு

முதல் வணக்கம் சேலத்தில் இருக்கும் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கவிதையையும் சக கவிஞர்களையும் பற்றி முப்பது ஆண்டுகளாக நான் எழுதியவை இன்று ஒரே தொகுப்பாக வந்திருக்கின்றன. இதை நம்பி அச்சுக்குக் கொடுக்கும் துணிச்சல் அவர் வீட்டுப் பரணில் இருந்த நான்கு தகரப் பெட்டிகளால்தான் வந்தது.

அங்கே என்னைப் போகவைத்தவர் மெய்ப்பு பார்த்த தங்கை. புதுக்கவிதை முன்னோடி ந. பிச்சமூர்த்தி பற்றிய கட்டுரையில் ஒரு கவிதையை நினைவிலிருந்து எடுத்து எழுதியிருந்தேன். “அண்ணா, இந்த வரி இங்கேயா முடியுது? படிச்சா மூச்சு இடிக்குதே” என்று கேட்டார். என்னிடம் மூலம் இல்லை. தேடிக்கொண்டு சேலம் போனேன். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’, சேலத்திலிருந்தே வெளிவந்த ‘நடை’, பிறகு ‘கசடதபற’, ‘ழ’ என்று புதுக்கவிதையை வளர்த்த சிற்றிதழ்கள் பெட்டிகளில் இருந்தன. இதழ்களுக்கு இடையிடையே காய்ந்த வேப்பிலை. “வெளியே தர மாட்டேன், இங்கேயே உட்கார்ந்து படிங்க” என்றார் ஐயா. ஐந்து நாள் உட்கார்ந்தேன். அவர் வீட்டு அம்மா வேளை தவறாமல் சோறு போட்டார்கள்.

தங்கை சொன்னதுதான் சரி. சொற்களெல்லாம் சரியாக இருந்தன, வரி முறியும் இடம் தவறு. யாப்பை விட்டு வந்த கவிதைக்கு வரி முறிகிற இடம்தான் மூச்சு. அதை நான் தவறாக மாற்றி எழுதியதோடு, அந்த முறிவுக்கு இரண்டு பத்தி விளக்கமும் எழுதியிருந்தேன். வரியைத் திருத்தி, அந்த இரண்டு பத்திகளையும் நீக்கிவிட்டேன். மற்ற மேற்கோள்களையும் இதழோடு ஒப்பிட்டதில் இன்னும் பதினோரு இடங்கள் திருந்தின. தங்கச்சி, இந்த நூலில் பிறர் கவிதைகள் அவரவர் மூச்சோடு நிற்கின்றன என்றால் அது உன்னால்.

கவிஞர் பிரமிள் பற்றிய கட்டுரையை முழுக்கத் திருப்பி எழுதவைத்த மதுரை நண்பருக்கு அடுத்த நன்றி. “அவரோட சண்டைகளைப் பத்தி ஒன்பது பக்கம், கவிதையைப் பத்தி மூணு பக்கம். இது நியாயமாய்யா?” என்று தொலைபேசியில் கத்தினார். நியாயமில்லைதான். திருகோணமலையில் பிறந்து, இருபது வயதையொட்டி ‘எழுத்து’க்கு எழுதத் தொடங்கிய அந்த இளைஞரின் படிமங்களிலிருந்து கட்டுரையை மறுபடி ஆரம்பித்தேன். சண்டைகள் ஒரு பத்தியில் அடங்கிவிட்டன.

பொருளடக்கத்தைப் பார்த்து, “பெண்கள் எங்கே சார்?” என்று ஒரே கேள்வி கேட்ட இளம் கவிஞருக்கு நான் பட்ட கடன் பெரியது. 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ என்ற புதுக்கவிதைத் தொகுப்பை, அதன் 24 கவிஞர்களை, 63 கவிதைகளை எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். ஆனால் 1970இல் ‘நெருஞ்சி’ கவிதைத் தொகுப்பைத் தந்த இரா. மீனாட்சியைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை நான் எழுதியதில்லை. இப்போது எழுதியிருக்கிறேன். தொகுப்பில் கடைசியாக எழுதப்பட்டது அதுதான். எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான்.

33 வயதில், 1984இல் மறைந்த கவிஞர் ஆத்மாநாமைப் பற்றி என்னோடு ஒரு மாலை முழுக்கப் பேசியவர்களுக்கும் நன்றி. அச்சில் வேண்டாம் என்று அவர்கள் சொன்ன எதையும் எழுதவில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரையின் குரல் தணிந்திருப்பது அந்த மாலையால்தான்.

தட்டச்சு செய்தவர்கள், மூன்று முறை பக்கம் மாறியும் முகம் சுளிக்காத வடிவமைப்பாளர், விலையைக் கூட்டாத பதிப்பாளர் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஐயா, உங்கள் படியைத் தபாலில் அனுப்ப மனமில்லை. அடுத்த ஞாயிறு நானே கொண்டுவருகிறேன். அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.