ஒரு நூல் உள்வாங்கி

அன்புள்ள தம்பி,

"இடிஞ்ச சுவரைக் கட்டலாம் அண்ணே, செத்துப்போனவர் பாதியில் விட்ட இசையை முடிக்க யாருக்கு உரிமை இருக்கு?" என்று போனில் கேட்டாய். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நீ இதைக் கேட்டதுதான் வேடிக்கை.

ஜெர்மனியின் கொலோன் தேவாலயத்தை எடுத்துக்கொள். 1248-இல் தொடங்கிய வேலை பதினாறாம் நூற்றாண்டில் நின்றேபோனது. அரைகுறைக் கோபுரத்தின் மேல் பாரம் தூக்கும் மரப்பொறி மட்டும் முந்நூறு வருடத்துக்கு மேல் நின்றது. 1814-இல் முகப்பின் பழைய வரைபடத்தில் ஒரு பாதி அகப்பட்டது, பிறகு மறுபாதி. அதை வைத்துத்தான் 1880-இல் கோபுரங்களை முடித்தார்கள். இடிந்ததை அல்ல, அதுவரை இல்லாததைக் கட்டினார்கள்.

இசையமைப்பாளர் மாலரின் பத்தாவது சிம்பொனியும் (பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் நீண்ட இசைப்படைப்பு) ஏறக்குறைய இதே கதைதான். 1911-இல் அவர் இறந்தபோது ஐந்து பகுதிகளின் ஓட்டமும் தாளில் இருந்தது. எந்த வரி எந்த வாத்தியத்துக்கு என்பதுதான் பல இடங்களில் இல்லை. டெரிக் குக் என்ற ஆங்கிலேய இசை ஆய்வாளர் அதை நிரப்பி, 'வாசிப்பதற்கான வடிவம்' என்று அடக்கமாகப் பெயர் வைத்தார். 1964 ஆகஸ்டில் லண்டனில் அது அரங்கேறியது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க நீங்கள் வேதமாக மதிக்கும் விதித்தொகுப்பான வெனிஸ் சாசனமும் அதே வருடம், மே மாதம்! ஊகம் தொடங்கும் இடத்தில் கையை எடுத்துவிடு, புதிதாகச் சேர்த்தது தனியாகத் தெரியட்டும் என்கிறது அது.

இந்த இரண்டாவதில்தான் இசை மாட்டிக்கொள்கிறது. டிரெஸ்டனில் 1945 குண்டுவீச்சில் அழிந்து 2005-இல் மீண்டெழுந்த பிராவன்கிர்ஷே தேவாலயத்தில், வெளிர் கற்களுக்கு நடுவே பழைய கற்கள் கறுப்பாக நிற்கும். கண் ஒரே பார்வையில் பிரித்துவிடும். காதுக்கு அந்த வசதி ஏது? மோட்ஸார்ட் முடிக்காமல் இறந்துபோன ரெக்வியத்தில் (இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசை) 'லாக்ரிமோசா' பகுதிக்கு அவர் எழுதியது முதல் எட்டு பார்கள்தான், அதாவது எட்டுத் தாளக் கட்டங்கள். குரல்கள் படி ஏறுவதுபோல ஏறி உச்சியைத் தொடும்போது அவர் கை நின்றுவிட்டது. அடுத்த பார் அவருடைய உதவியாளர் சூஸ்மையருடையது. பேசிய பணத்தில் பாக்கி வரவேண்டுமே என்று மோட்ஸார்ட்டின் மனைவி முடிக்கச் சொன்ன வேலை. அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கிறேன், ஒட்டு பிடிபடவில்லை. விஷயம் தெரிந்த பிறகு ஏதோ இளைத்ததுபோல இருக்கிறது, அதுவும் என் பிரமையோ என்னவோ. கடைசிப் பகுதிக்கு சூஸ்மையர் புதிதாக எழுதவே இல்லை. தொடக்கத்தில் வரும் மோட்ஸார்ட்டின் இசையையே வேறு வரிகளுக்குப் பொருத்திவிட்டார். விழுந்த கல்லைப் பொறுக்கிக் கட்டுகிற மாதிரி.

உன் வேலையிடத்தில் புதுச் சுண்ணாம்புப் பூச்சைப் பழையதைவிட ஒரு நூல் அளவு உள்வாங்கிப் பூசச் சொன்னாயே, புதியது தனியாகத் தெரியட்டும் என்று, அதை இசையில் செய்தவர் இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோ. ஷூபர்ட் 1828-இல் விட்டுப்போன ஒரு சிம்பொனியின் துண்டுகளை ஷூபர்ட்டின் பாணியிலேயே வாத்தியங்களுக்குப் பிரித்தார். குறிப்பு இல்லாத இடங்களில் செலஸ்டா என்ற, மணிபோல ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியத்தின் மங்கிய ஒலியை விட்டார். திடீரென்று தரை நழுவுவதுபோல இருக்கும். காரை உதிர்ந்த சுவரோவியத்தைப் பழுதுபார்ப்பதோடு அவரே இதை ஒப்பிட்டிருக்கிறார்.

உரிமை பற்றிக் கேட்டாய். புச்சினி முடிக்காத 'துரான்தோ' என்ற இசைநாடகத்துக்கு அல்பானோ என்ற இசையமைப்பாளர் எழுதிய முடிவும் இருக்கிறது, இதே பெரியோ எழுதியதும் இருக்கிறது. புச்சினியின் தாளில் ஒரு கீறலும் விழவில்லை. பாரிஸின் நோத்ர டாம் தேவாலயத்தில் 2019 தீயில் சரிந்த ஊசிக்கோபுரமோ 1859-இல் வியோலே லெ துக் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியது. அதையேதான் அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒன்றுதானே நிற்க முடியும்? சரி, இப்போது சொல், யார் அதிகம் பயப்பட வேண்டும், இசையை முடிப்பவர்களா நீயா?

அன்புடன்,
அண்ணன்