பேனருக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்

எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டியின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கு, தலைக்கட்டு வரியை இதுவரை பாக்கி வைக்காத ஒருவனின் வணக்கம்.

ஆறாம் திருநாள் இரவு தேரடியில் நீங்கள் கட்டியிருந்த பேனரைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'நம் பண்பாட்டின் அடையாளங்கள்' என்று தலைப்பிட்டு நான்கு படங்கள். இரண்டு நடிகர்கள், ஒரு கிரிக்கெட் வீரர், நான்காவதாக நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அந்த நான்காவது படத்தைப் பார்த்ததும் உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது. அரை மணி நேரம் அது தாங்கவில்லை.

பேனருக்கு நேர் கீழே, ஜெனரேட்டரை ஒட்டி, சாக்கு விரித்து நாகஸ்வரக்காரரை உட்கார வைத்திருந்தீர்கள். அவர் ஊதுவாயில் செருகும் சீவாளியை வாயில் ஊறவைத்துப் பொருத்தி, அந்த இரைச்சலுக்கு நடுவிலும் தோடி ராகத்தைத் தொட்டார். ராகம் இப்போதுதான் கண் விழிக்கிறது என்னும் நேரத்தில், நாயனத்தைக் கொஞ்சம் நிறுத்துமாறு மைக்கில் அறிவிப்பு. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒலி சரிபார்க்க வேண்டுமாம். அவர் சீவாளியைக் கழற்றித் துண்டு நுனியால் துடைத்துக்கொண்டார். தவில்காரர் விரல் கூடுகளை ஒவ்வொன்றாக உருவி ஒரு தகர டப்பாவில் போட்டார். அதன் பிறகு அவர்களை யாரும் கூப்பிடவே இல்லை.

நீங்கள் படம் போட்ட ராஜரத்தினம் பிள்ளை யாரென்று ஒரு முறை யோசித்தீர்களா? நாயனக்காரர் என்றால் சாமிக்கு முன்னால் நடந்தும் நின்றும் வாசிக்க வேண்டியவர், பெரிய மனிதர் எதிரே வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும் என்றிருந்த காலத்தில் பிறந்தவர் அவர், 1898இல். அவர் கிராப் வைத்தார், கோட்டுப் போட்டார், பாடகர்களுக்குச் சமமாக மேடையேறி உட்கார்ந்து வாசித்தார். திமிர் பிடித்தவர் என்றார்கள். இருக்கட்டும், அந்தத் திமிர் தேவையாக இருந்தது. கீச்சென்று ஒலிக்கும் திமிரி நாயனத்தை விட்டு, நரசிங்கம்பேட்டை ஆசாரியைக் கொண்டு ஆச்சா மரத்தில் நீளமான பாரி நாயனத்தைச் செய்வித்தார். சுருதி இறங்கியது, மணிக்கணக்கில் ஆலாபனை கேட்க முடிந்தது. நாடு விடுதலை பெற்றபோது வானொலியில் ஒலித்தது அவருடைய நாகஸ்வரம். 1940இல் 'காளமேகம்' என்ற சினிமாவிலும் நடித்தார். அதை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்? தோடி என்றால் மட்டும் அவர் பெயர் தானாக வந்து விழுகிறது.

நடிகர்கள் படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் படம் வந்தால் நானும் முதல் நாளே டிக்கெட் எடுக்கிறவன்தான். ஆனால் ஒருவர் இறந்து அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்தும், அவரைக் கேட்டே இராத ஓர் ஆள் அவர் நீட்டி வைத்த வாத்தியத்தை ஊதிப் பிழைக்கிறார் என்றால், அவரை எந்தக் கணக்கில் வைப்பது? ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்தவரின் கையில் இருந்ததும் பாரி நாயனம்தான்.

இக்காலத்து முகம் வேண்டுமென்றால் காலீஷாபி மகபூப், ஷேக் மகபூப் சுபானி தம்பதியின் படத்தைப் போடுங்கள். நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானாவிடம் பயின்றவர்கள், 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டவர்கள். ஒரு பெண் நாகஸ்வரம் ஏந்தி மேடையில் அமர்ந்திருப்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

இன்னொன்று. நோட்டீஸில் ஆர்கெஸ்ட்ராக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் வரை பெயர் இருக்கிறது. நாகஸ்வரத்துக்கு 'மங்கல இசை, மாலை 6 மணி' என்பதோடு சரி. அன்றிரவு அவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நாகஸ்வரக்காரர், தவில்காரர் இருவரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், சீட்டை நானே கொண்டுவந்து தருகிறேன். மேடையில் ஒன்றரை மணி நேரமும் இரண்டு மைக்கும் ஒதுக்கிவிடுங்கள். ஜமுக்காளம் என் வீட்டில் இருக்கிறது.